கோரிக்கையில் நியாயம் உண்டு, வந்த வழியில் இல்லை

செல்போன் கோபுரத்துக்கு உள்ளாட்சிகள் சொத்து வரி போடலாமா என்ற கேள்விக்கு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. அகமதாபாத் மாநகராட்சிக்கும் ஜி.டி.எல். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற கோபுர நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. தொலைபேசி மத்தியப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே மாநிலமோ நகராட்சியோ அதில் கைவைக்க முடியாது என்பது கோபுர நிறுவனங்களின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 49-ஆம் இனத்தில் இருக்கிறது, கோபுரமும் அதற்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. உள்ளாட்சிகள் வென்றன.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 14-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, ஒரு சொத்தின்மேல் நிறுவிய தொலைத்தொடர்பு வலையமைப்பு அந்தச் சொத்தின் பகுதியாகக் கருதப்படாது என்கிறது. சொத்து வரி, தீர்வை, கட்டணம் எதற்கும் அது கணக்கில் வராது. 2024 ஜூன் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றத்தில் தோற்ற தரப்பு, சட்டப் புத்தகத்தில் ஒரே வாக்கியத்தில் வென்றுவிட்டது.

நிறுவனங்கள் சட்டத்தின்மேல் செலுத்தும் செல்வாக்கை எடை போட இந்த ஒரு வாக்கியமே நல்ல தராசு. தொலைத்தொடர்பில் 'லாபி' என்றால் தமிழ் வாசகருக்கு உடனே நினைவுக்கு வருவது 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு. 2010-இல் வெளியான, நிறுவனங்களுக்காக லாபி செய்த நீரா ராடியாவின் ஒலிநாடாக்கள், அதே ஆண்டு தணிக்கை அதிகாரி சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு, 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 122 உரிமங்கள், 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது என்று அந்தக் கதை நீள்கிறது. அது நமக்கு ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றிருக்கிறது. செல்வாக்கு என்றாலே பெட்டியையும் ரகசியப் பேச்சையும் தேடுகிறோம். அவை கிடைக்காவிட்டால் தப்பே நடக்கவில்லை என்று முடிவு கட்டுகிறோம். நம் சட்டைப்பையையும் நகராட்சிக் கஜானாவையும் தொடும் செல்வாக்கோ பெரும்பாலும் சட்டப்படியே, கடிதத் தலைப்பில், சங்கத்தின் முத்திரையோடு வருகிறது. அதை அளக்க வேறு அளவுகோல் வேண்டும்.

என் அளவுகோல் மூன்று கேள்விகள். நிறுவனம் கேட்டது எழுத்தில் பொதுவெளியில் இருக்கிறதா? அதனால் நஷ்டப்படுகிறவருக்கு மறுத்துப் பேச இடம் கிடைத்ததா? முடிவெடுத்தவர், ஏன் ஒன்றை ஏற்றேன், ஏன் மற்றதைத் தள்ளினேன் என்று காரணம் எழுதினாரா? இந்த மூன்றும் இருந்தால், நிறுவனமே வென்றாலும் அது ஜனநாயகம்தான். இல்லாவிட்டால், கேட்டது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது குறைபட்ட சட்டம்.

லாபி தோற்ற இடம்

முதலில் நிறுவனங்கள் தோற்ற வழக்கை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. சில இணையதளங்களை மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ தரலாமா என்பது அதன் மையக் கேள்வி. ஃபேஸ்புக் நிறுவனத்தின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் இதில் அடிபட இருந்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. ஃபேஸ்புக்கைத் திறந்தால் ஒரு பொத்தான் தெரியும். அமுக்கினால் முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே மாதிரிக் கடிதம் டிராய்க்குப் போகும். பல லட்சம் கடிதங்கள் அப்படிக் குவிந்தன.

டிராய் தலைகளை எண்ணவில்லை. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்தக் கடிதங்களில் பதிலே இல்லை என்று சொன்னது. கலந்தாய்வைப் பெரும்பான்மை வாக்கெடுப்பாக மாற்றப் பார்ப்பது முறையல்ல என்று ஃபேஸ்புக்குக்கு எழுதியது. எதிர்த்தவர்களின் வாதங்களும் நிறுவனங்களின் வாதங்களும் ஒரே இணையதளத்தில் அடுத்தடுத்து இருந்தன. திறந்த விவாதக் கூட்டமும் நடந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, பாகுபாடான டேட்டா கட்டணத்துக்குத் தடை வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சவரம்பு 50 லட்சம். ஏன் இந்த முடிவு என்ற விளக்கக் குறிப்பும் கூடவே வந்தது.

இத்தனை பணமும் விளம்பரமும் ஏன் தோற்றன? மக்கள் எதிர்த்துத் திரண்டது ஒரு காரணம். அதைவிட உறுதியான காரணம் 1997-ஆம் ஆண்டின் டிராய் சட்டம். அதன் 11-ஆம் பிரிவு, டிராய் தன் பணிகளை வெளிப்படையாகச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கருத்து, அதற்கு எதிர்க்கருத்து, அதன் பிறகே முடிவு என்ற நடைமுறை அங்கே வேரூன்றிவிட்டது. பொத்தானை அமுக்கிய லட்சம் பேரைவிட, கேள்விக்குப் பதில் எழுதியவர்களுக்கு அங்கே கனம் அதிகம்.

லாபி வென்ற இடம்

இனி கோபுர வரிக்கு வருவோம். கேட்டவர்கள் யார் என்பதில் ரகசியம் இல்லை. செல்போன் நிறுவனங்களின் சங்கமான சி.ஓ.ஏ.ஐ. 1995 முதல் இயங்குகிறது. கோபுர நிறுவனங்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. நகராட்சிக்கு நகராட்சி மாறும் கட்டணம், மாதக்கணக்கில் கிடப்பில் போடப்படும் அனுமதி, திடீரென்று கோபுரத்துக்குப் பூட்டு என்று அவர்கள் அடுக்கும் குறைகள் பொய்யல்ல. கண்ணாடி இழை கேபிள் பதிக்க அனுமதி கேட்டு அலைந்த எந்த ஒப்பந்தக்காரரும் அதற்குச் சாட்சி. நாடு முழுக்க ஒரே விதி வேண்டும் என்ற கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கேபிளுக்கும் கோபுரத்துக்கும் இடம் பெறும் முறையை வகுத்து 2016 நவம்பரில் வந்த வழியுரிமை விதிகள் அந்தப் பாதையின் முதல் படி. 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் அடுத்த படி. தனியார் இடத்தில் கோபுரம் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டாம், தகவல் தெரிவித்துக் கட்டட உறுதிச் சான்று கொடுத்தால் போதும் என்றது அது. 2024-இல் அறிவித்து 2025 ஜனவரி 1 முதல் அமலான புதிய விதிகளின்படி, பொது அமைப்பு 67 நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும்.

இதில் ஓர் எண்ணை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். 5ஜி-க்குத் தெருவிளக்குக் கம்பங்களில் சிறு அலைபரப்பிப் பெட்டிகளைப் பொருத்த வேண்டும். அப்படி ஒரு கம்பத்தைப் பயன்படுத்துவதற்கு 2022 திருத்தம் வைத்த கட்டணம் நகரத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய், கிராமத்தில் 150. புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு கம்பத்தை ஓர் ஆண்டு முழுக்க வைத்திருக்க, தினசரி டேட்டாவோடு ஒருவர் ஒரு மாதம் ரீசார்ஜ் செய்யும் பணம் போதும். அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. 2018-இல் அங்குள்ள கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், இத்தகைய பெட்டி ஒன்றுக்கு நகரங்கள் ஆண்டுக்கு 270 டாலர் வரை வாங்கினால் அது நியாயமான கட்டணமே என்று வரையறுத்தது. நகரங்கள் கொதித்தெழுந்து வழக்குப் போட்டன. 2020-இல் நீதிமன்றம் அந்தக் கட்டண வரம்பை ஏற்றது. 270 டாலரே குறைவு என்று அங்கே நகரங்கள் நீதிமன்றப் படியேறின. 300 ரூபாயைப் பற்றி இங்கே எந்த நகர்மன்றத்திலும் விவாதம் எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சட்டம் வந்த விதம் இதைவிடக் கவலை தருவது. 2022 செப்டம்பரில் வரைவு மசோதாவை வெளியிட்டுத் தொலைத்தொடர்புத் துறை கருத்துக் கேட்டது. கேட்டது நல்லது. வந்த கருத்துகளை டிராய் செய்வதுபோல் வரிசையாக வெளியிடவில்லை. எந்த நிறுவனம் எந்தப் பிரிவை எப்படி மாற்றச் சொன்னது, துறை ஏன் இசைந்தது என்ற பதிவு வாசகர் கைக்கு வரவில்லை. அந்த வரைவில் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருந்தன. இறுதிச் சட்டத்தில் அந்தச் சொற்கள் இல்லை. இடையில் என்ன வாதம் நடந்தது, எது வென்றது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க மக்களுக்கு ஆவணம் இல்லை.

2023 டிசம்பர் 18 அன்று மசோதா மக்களவைக்கு வந்தது. 20-ஆம் தேதி அங்கே நிறைவேறியது, 21-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 24-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தையும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் நீக்கி எழுதிய சட்டம் நிலைக்குழுவுக்குப் போகவில்லை. நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து அரசு விளக்கம் தர வேண்டும் என்று கேட்டதில் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்களில் தயாநிதி மாறனும் ஆ. இராசாவும் இருந்தார்கள். இருவரும் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர்கள். அவர்களுடைய பதவிக்காலத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்தத் துறையின் உள்ளறையைப் பார்த்தவர்கள் அவையில் இல்லாமல் இந்தச் சட்டம் நிறைவேறியது.

மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கோரிக்கை பொதுவாகத் தெரியும், ஆனால் பிரிவு பிரிவாகப் பதிவில்லை. நஷ்டப்படும் உள்ளாட்சிகளுக்குப் பேச இடம் தரப்படவில்லை. காரணம் எழுதப்படவில்லை. மூன்றிலும் தோல்வி.

நிறுவனங்களின் சண்டை நம்மைக் காக்குமா?

நிறுவனங்கள் ஒன்றை ஒன்று எதிர்த்தால் உண்மை தானே வெளிவரும், சட்டம் நடுநிலைக்கு வந்துவிடும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. செயற்கைக்கோள் அலைக்கற்றை அவர்களுக்கு நல்ல உதாரணமாகத் தோன்றும். ஏலம்தான் வேண்டும் என்றது ஜியோ. ஸ்டார்லிங்க், அமேசான், பார்தி குழுமத்தின் பங்குள்ள ஒன்வெப் ஆகியவை ஏலமின்றி அரசே வழங்கும் நிர்வாக ஒதுக்கீடு வேண்டும் என்றன. 2023-இல் டிராய் நடத்திய கலந்தாய்வில் இரு தரப்பு வாதங்களும் வெளியாயின. செயற்கைக்கோள் அலைக்கற்றையைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்த முடியும், உலகில் பெரும்பாலான நாடுகள் அதை ஏலம் விடுவதில்லை என்பது வலுவான வாதம். புதிய சட்டத்தின் முதல் அட்டவணை நிர்வாக ஒதுக்கீட்டை ஏற்றது. முடிவு எனக்கு ஏற்புடையதே. ஆனால் டிராய் பரிந்துரை தரும் முன்பே சட்டம் முடிவு சொல்லிவிட்டது. விலைக்கான பரிந்துரை 2025 மே மாதம்தான் வந்தது: சரிசெய்த மொத்த வருவாயில் 4 சதவீதம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2025 மார்ச் 11-இல் ஏர்டெல்லும் மறுநாள் ஜியோவும் ஸ்டார்லிங்கின் தாய் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸோடு விற்பனை ஒப்பந்தத்தை அறிவித்தன. நேற்றுவரை எதிரெதிர் நின்றவர்கள் ஒரே மேடைக்கு வந்தார்கள். வணிகத்தில் அது குற்றமில்லை. ஆனால் நிறுவனங்களின் போட்டியை மக்களின் காவலனாக நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தப் போட்டி அவர்களுக்கு வேண்டியவரைதான் நீடிக்கும். இன்று நாட்டின் செல்போன் வாடிக்கையாளர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இரண்டே நிறுவனங்களிடம் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்த நாள்களில் கட்டணத்தை உயர்த்தின.

கோபுர வரியிலோ அந்தப் போட்டியும் இல்லை. எல்லா நிறுவனங்களுக்கும் அதில் ஒரே லாபம். எதிர்த்துப் பேச வேண்டிய ஒரே தரப்பு உள்ளாட்சி.

புதுச்சேரிக்கு வாயே இல்லை

அந்த ஒரே தரப்பு புதுச்சேரியில் எந்த நிலையில் இருக்கிறது? பிரெஞ்சுக் காலத்தில், 1880 முதலே, தேர்ந்தெடுத்த நகரசபைகளும் மேயர்களும் இருந்த ஊர் இது. இந்தியாவோடு இணைந்த பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968-இல் ஒரு முறை, 2006-இல் ஒரு முறை. 2011-இல் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்குப் பிறகு புதுச்சேரி நகராட்சியிலும் உழவர்கரை நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட இல்லை. அதிகாரிகளே நிர்வகிக்கிறார்கள். 67 நாள் கெடு அவர்களுக்குத்தான். கோபுரம் எங்கள் தெருவில் வேண்டாம் என்றோ, வேண்டும் என்றோ சொல்ல வார்டு உறுப்பினர் இல்லை.

சட்டமன்றத்தில் 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலின் 31-ஆம் இனம் என்பதால் அது அவர்கள் கைக்கு எட்டாது. சொத்து வரியாவது எட்டுமா? தமிழ்நாட்டுக்கு ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது: 49-ஆம் இனம் மாநிலத்தின் தனி உரிமை, அதை மத்தியச் சட்டத்தின் ஒரு பிரிவு பறிக்க முடியுமா என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். புதுச்சேரிக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது. அரசியலமைப்பின் 246-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, யூனியன் பிரதேசத்துக்கு எந்தப் பொருளிலும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி, நம் சட்டமன்றத்தின் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். அந்த நாடாளுமன்றத்தில் நமக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர்.

தொலைத்தொடர்பு வட்டங்களின் வரைபடத்திலும் நாம் இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்தில், மாஹே கேரள வட்டத்தில், ஏனாம் ஆந்திர வட்டத்தில். அலைக்கற்றை ஏலம் வட்டம் வட்டமாக நடக்கிறது. ஒரே அரசின் கீழ் உள்ள நான்கு பகுதிகளுக்கு மூன்று வட்டக் கணக்கு. சேவை மோசமென்று சட்டமன்றத்தில் எழும் குரல் எந்த வட்ட அலுவலகத்தின் வாசலில் போய் நிற்கும்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரீசார்ஜில் வசூலாகும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யில் பாதி புதுச்சேரி அரசுக்கு வருகிறது. கோபுரம் பெருகினால் பயன்பாடு பெருகும், வரியும் பெருகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியபோது, மாடியில் சிக்கியவர்களுக்கு வெளியுலகோடு இருந்த தொடர்பு செல்போன்தான். கோபுரமே வேண்டாம் என்பது பொறுப்பான நிலைப்பாடு அல்ல. ஆனால் அதே மழைதான் வடிகாலோரம் வெட்டும் ஒவ்வொரு கேபிள் குழியையும் நகராட்சி நின்று பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பதையும் சொல்லிச் சென்றது. அப்படிப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும். கோபுரத்தின் வரியை எடுத்துவிட்டு, கம்பத்துக்கு 300 ரூபாய் வைத்துவிட்டு, 67 நாள் கெடுவும் வைத்தால் அந்த ஆளுக்கான சம்பளம் எங்கிருந்து வரும்?

பதிவேடு போதுமா?

லாபிக்குச் சட்டம் கொண்டுவந்து பதிவு செய்ய வைத்தால் சரியாகிவிடும் என்பது வழக்கமான தீர்வு. அமெரிக்காவில் 1995 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பயனை நாமே அனுபவித்திருக்கிறோம். வால்மார்ட் நிறுவனம் இந்தியச் சந்தை உள்ளிட்ட விவகாரங்களுக்காகச் செய்த லாபிச் செலவு அங்கே தாக்கல் செய்த அறிக்கையிலிருந்துதான் 2012 டிசம்பரில் நமக்குத் தெரிந்தது. நாடாளுமன்றம் அமளியானது, ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணையும் வந்தது. 2013-இல் ஒடிசா உறுப்பினர் காளிகேஷ் நாராயண் சிங் தேவ், லாபி வெளிப்படைத்தன்மைக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ஆனால் பதிவேடு இருந்தும் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். வட கரோலினாவில் வில்சன் என்ற சிறு நகரம் தன் மக்களுக்குத் தானே அதிவேக இணையம் கொடுத்தது. கேபிள் நிறுவனங்களின் அழுத்தத்தால் 2011-இல் மாநிலச் சட்டமன்றம் நகரங்களின் கையைக் கட்டும் சட்டம் இயற்றியது. 2017-இல் இணையச் சமநிலை விதிகளை நீக்கும் விவாதத்தில் வந்த 2.2 கோடி கருத்துகளில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் அரசுத் தலைமை வழக்கறிஞர் 2021-இல் கண்டறிந்தார். அவற்றில் 85 லட்சம், இணையச் சேவை நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரசாரத்தால் வந்தவை. ஆகவே பெயரைப் பதிவு செய்வது தேவை, ஆனால் அது மட்டும் போதாது.

பணத்தின் பாதையும் அப்படியே. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த பிறகு வெளிவந்த பட்டியலில், பார்தி ஏர்டெல் ஏறக்குறைய 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது தெரிந்தது. இதை வைத்து எந்தப் பிரிவையும் விலைக்கு வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் சட்டம் நிறைவேறிய நாளில் இந்தத் தகவல் வாக்காளர் கையில் இல்லை என்பது மறுக்க முடியாத உண்மை.

தீர்ப்பு

இதற்கு வேண்டிய மருந்து, நிறுவனங்களே வென்ற ஒரு வழக்கில் இருக்கிறது. அழைப்பு அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு என்று டிராய் 2015-இல் போட்ட விதியை எதிர்த்து சி.ஓ.ஏ.ஐ. உச்ச நீதிமன்றம் போனது. 2016 மே 11 அன்று வென்றது. விதி தன்னிச்சையானது, வெளிப்படையாக ஆராய்ந்து எடுத்த முடிவல்ல என்றது நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பு. விதி செய்யுமுன் கருத்துக் கேட்டு, அவற்றைப் பரிசீலித்து, காரணம் சொல்லும் கடமையைப் பொதுச் சட்டமாகவே நாடாளுமன்றம் கொண்டுவரலாம் என்றும் அது பரிந்துரைத்தது. வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் விதிக்கு அந்தத் தரம் தேவை என்றால், நாடெங்கும் உள்ள உள்ளாட்சிகளின் வரியைப் பறிக்கும் சட்டத்துக்கு அந்தத் தரம் தேவையில்லையா? நிறுவனங்கள் தங்களுக்காகப் பெற்ற நீதியைத்தான் நாம் கேட்கிறோம்.

ஆக, என் முடிவு இது. ஒரே சீரான வழியுரிமை விதி நியாயம். கால வரம்பும் நியாயம். செயற்கைக்கோள் அலைக்கற்றைக்கு நிர்வாக ஒதுக்கீடு ஏற்கத்தக்கது. கம்பத்துக்கு 300 ரூபாய் என்பது நகரங்களைக் கேட்காமல் வைத்த விலை, அதை மீண்டும் விவாதிக்க வேண்டும். 14-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நீக்கப்பட வேண்டும். நீக்க முடியாது என்றால், தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் மத்திய அரசு வாங்கும் 8 சதவீத உரிமக் கட்டணத்திலிருந்து உள்ளாட்சிகளுக்கு ஈடு தர வேண்டும். சட்டத்தின் உள்ளடக்கத்தில் பாதி தேறும். அது உருவான முறை தேறாது.

இதைச் சரிசெய்யக் கேட்க வேண்டியவை மூன்று. தொலைத்தொடர்புத் துறை இனி வெளியிடும் ஒவ்வொரு வரைவு விதிக்கும் வந்த கருத்துகளை, யார் அனுப்பினார்கள் என்பதோடு டிராய் போலவே வெளியிட வேண்டும். மாநிலத்தின், உள்ளாட்சியின் வருவாயைத் தொடும் எந்த மசோதாவும் நிலைக்குழுவுக்குப் போகாமல் நிறைவேறக் கூடாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும். முதல் இரண்டும் டெல்லியிடம் கேட்க வேண்டியவை. மூன்றாவதை நம் முதலமைச்சரிடமும் சட்டமன்றத்தில் இருக்கும் எல்லாக் கட்சிகளிடமும் கேட்கலாம். வார்டுக்கு ஓர் ஆள் இல்லாத ஊரின் தரப்பை எந்தக் கலந்தாய்வும் கேட்காது. நிறுவனங்களுக்குச் சங்கம் இருக்கிறது, நமக்கு நகர்மன்றம் வேண்டும்.